இரண்டாவது பிரேக்

மனிதனின் மாண்பு அவன் ஏறிவரும் வாகனத்தில் இல்லை, அவன் சுமந்துவரும் அறிவிலேயே இருக்கிறது. தேர்களை நம்பிய சாம்ராஜ்ஜியங்கள் தேர்களோடு சரிந்தன, ஏடுகளை நம்பியவை இன்றும் நிற்கின்றன. பாலாவிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் பிரதி அதிபர் ஜவாஹிர் சேர் இதைத் தவணைக்கு ஒரு தரமாவது காலைக் கூட்டத்தில் சொல்லிவந்தார். வெயிலில் நிற்கும் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். கடைசியாகச் சொன்ன அதே கிழமை, சனிக்கிழமை பின்னேரம், சிலாபத்திலிருந்து பழைய வெள்ளை ஆல்டோ ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து தன் வீட்டு வாசலில் நிறுத்தி, அயல் முழுக்கக் கேட்கும்படி ஹோர்ன் அடித்தார்.

அதுவரை அவருக்கு இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள். மனைவி றைஸா அபாயாவைச் சுருட்டி மடியில் பிடித்துக்கொண்டு, ஹிஜாபுக்கு மேலே ஹெல்மெட்டை அழுத்திப் பின்னால் உட்கார்ந்து வருவாள். கலியாண வீட்டில் அப்படிப் போய் இறங்கும்போது, தான் பிரதி அதிபரின் மனைவியாக அல்ல, வலையோடு கரைக்கு வந்த ஏதோ ஒன்றாகத் தெரிவதாக அவளே சொல்லிச் சிரிப்பாள். தூரத்துக் கலியாணம் என்றால் அவளுடைய நானா, மூத்த சகோதரர் நௌஃபர் ஹாஜியாரின் வேன் வரும். ஹாஜியாருக்குப் புத்தளத்தில் உப்பளம் இருந்தது, வேனுக்கு ஏசி இருந்தது, ஜவாஹிர் சேருக்கென்று அதில் கதவோரத்து மடிப்பு சீட் இருந்தது. அந்த சீட்டில் இருப்பவர், யார் இறங்குவதென்றாலும் முதலில் தான் இறங்கி, சீட்டை மடித்து, எல்லோரும் ஏறிய பிறகு கடைசியாக ஏற வேண்டும். இருபது வருடமாக அவர் இறங்கி ஏறிக்கொண்டிருந்தார்.

இதில் அவரை உறுத்தியது சீட் அல்ல. காரில் பிறந்து வளர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் அந்த சீட்டில் இருக்க நேர்ந்ததுதான்.

அந்தப் பெயரை எடுத்துக்கொடுத்தவரும் அவர்தான். தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் எருக்கலம்பிட்டியிலிருந்து உடுத்த உடுப்போடு வள்ளத்தில் ஏறி, கற்பிட்டிக் கரையில் இறங்கியபோது ஜவாஹிருக்குப் பதினொரு வயது. அகதி முகாமில் பின்னேரங்களில் பிள்ளைகள் வட்டமாக இருந்து விட்டுவிட்டு வந்தவற்றைச் சொன்னார்கள். ஒருவன் கல்வீடு விட்டு வந்தான், இன்னொருவன் ஐம்பது ஆடுகள், இன்னொருவன் அரிசி மில். பெரும்பாலும் உண்மை. ஜவாஹிரின் வாப்பா சைக்கிளில் பெட்டி கட்டி மீன் விற்றவர். அந்த சைக்கிளும் வள்ளத்துக்கு வரவில்லை. ஆனால் அரிசி மில்லுக்குப் பக்கத்தில் சைக்கிளை எப்படி வைப்பது? தன் முறை வந்தபோது ஜவாஹிர் ஒரு காரை விட்டு வந்தான்.

ஆஸ்டின் கார். சாம்பல் நிறம். விட்டுவந்த பொருளுக்குத் துருப் பிடிப்பதில்லை. பல்கலைக்கழகம் போனபோது அதற்குத் தோல் இருக்கைகள் வந்தன. கலியாணம் பேசியபோது, பெண் வீட்டுக் கூடத்தில், பத்து வயதிலேயே வாப்பாவின் மடியில் இருந்து அதை ஓட்டிப் பழகிய சம்பவமும் சேர்ந்தது. புத்தளத்தில் தலைமுறையாக இருப்பவர்களுக்கு, வந்தவர்களைப் பார்த்தால் ஒரு கேள்வி கண்ணில் இருக்கும்: அங்கே நீங்கள் யார்? அதற்கு அந்தக் கார் ஒரே வார்த்தையில் பதில் சொன்னது. நௌஃபர் ஹாஜியாருக்கு அந்தக் கதையில் தனி விருப்பம். வேனில் போகும்போதெல்லாம் ஒரு முறையாவது கேட்பார்: "மச்சான், அந்த ஆஸ்டினுக்குக் கதவு ரெண்டா நாலா?"

ஆகவே, ஓட்டத் தெரியாது என்பதை ஜவாஹிர் சேர் யாரிடமும் சொல்ல முடியாதவராக இருந்தார். புத்தளத்தில் எல் பலகை மாட்டிய காரில் அவரைக் கண்டால் அன்று அஸர் தொழுகைக்குள் உப்பளம் வரை கதை போய்விடும். சிலாபத்தில், வாகனம் ஓட்டப் பழக்கும் ஒரு லேர்னர்ஸைத் தேடிப் பிடித்தார். சனிக்கிழமைகளில் செயலமர்வு இருக்கிறது என்று வீட்டில் சொல்லிவிட்டு, கழுத்துப் பட்டியோடு பஸ் ஏறிப் போய், கழுத்துப் பட்டியோடு கிளட்ச் மிதித்தார்.

பழக்கியவர் கெவின். பொறுமைசாலி. ஆனாலும் பின்னுக்கு எடுக்கிற பாடம் வந்தபோது அந்தப் பொறுமைக்கும் மூச்சு வாங்கியது. கடைசியில் அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். பயிற்சி மைதானத்தின் மூலையில் வளைந்த தென்னை ஒன்று நின்றது. அது இடப்பக்கக் கண்ணாடியின் நடுவுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை இரண்டு சுற்று; அடி மரம் மறைந்ததும் நேராக்கு. அவ்வளவுதான். ஜவாஹிர் சேர் அதை ஒரு சூத்திரமாக மனதில் எழுதிக்கொண்டார். லைசனுக்கான ட்ரயலும் அதே மைதானத்தில் நடந்தது. தென்னை வந்தது, இரண்டு சுற்று, தென்னை மறைந்தது, நேர். லைசன் கிடைத்தது. பின்னுக்கு எடுப்பது தனக்கு வந்துவிட்டது என்று அவர் மனதார நம்பினார். உண்மையில் வந்தது தென்னைதான்.

வாகன இறக்குமதி நின்றிருந்த வருடங்களில் பழைய கார்களெல்லாம் காணி விலைக்கு ஏறி, அங்கிருந்து இறங்க மனமில்லாமல் இருந்த காலம் அது. வாத்தியார் சம்பளத்துக்கு எட்டியது ஒன்றே ஒன்று: அவர் பழகிய அதே லேர்னர்ஸ் கார். ஊரெல்லாம் மிதித்துப் பழகிய கிளட்ச் என்று யாரும் அதை வாங்க வரவில்லை. கெவினும் ஒளிக்கவில்லை.

"மாஸ்டருக்குக் கையும் காலும் பழகினது இதுலதான். வேற கார் எடுத்தா ரோட்டுல போற ஆக்கள்தான் பாவம்."

விலை படிந்தது. எல் பலகையைக் கழற்றியபோது முன்னாலும் பின்னாலும் இரண்டிரண்டு திருகாணி ஓட்டைகள் மிஞ்சின. பயணி பக்கத்தில், பழக்குகிறவரின் காலுக்கென்று வைத்த இரண்டாவது பிரேக்கையும் கழற்றித் தரவா என்று கெவின் கேட்டார். ஜவாஹிர் சேர் கொஞ்சம் யோசித்தார். அது அங்கே இருப்பதில் அவருக்கு என்னவோ ஒரு ஆறுதல் இருந்தது.

"இருக்கட்டும்," என்றார்.

அந்தக் கார் வந்த பிறகு வீட்டில் உண்மையாகவே ஒரு பாரம் இறங்கியது. மழைக்குக் கடையோரம் ஒதுங்க வேண்டியதில்லை. றைஸாவின் அபாயா சங்கிலியில் மாட்டுவதில்லை. முட்டைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, உடையாமல் வருமா என்று கலிமா சொல்லாமல், சந்தையிலிருந்து வரலாம். ஏசி காற்று வந்தது, குளிர் வரவில்லை. காற்றே போதுமென்று றைஸா முகத்தைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள். முதல் நாளே அவளுடைய இடக்கால் அந்தப் பிரேக்கைக் கண்டுபிடித்துவிட்டது. அது என்ன என்று அவள் கேட்கவில்லை. மாடு குறுக்கே வரும்போது, பஸ் எதிரே வரும்போது, சேர் வாழ்க்கையைப் பற்றி ஏதாவது விளக்கத் தொடங்கும்போது, அவள் மெல்ல அழுத்துவாள். கார் பணிவாக மெதுவாகும். தன் கை பக்குவப்பட்டு வருவதாக ஜவாஹிர் சேர் நினைத்துக்கொண்டார்.

பின்னுக்கு எடுக்காமல் வாழ்வதற்கு ஒரு ஒழுங்கு வேண்டியிருந்தது. அதையும் அவர் ஏற்படுத்திக்கொண்டார். வீட்டுக்குப் பக்கத்து வெறுங்காணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, மூக்கு றோட்டைப் பார்க்க நிறுத்துவார். பாடசாலையில் மைதானம் முழுக்க ஒரு வட்டம். காலைக் கூட்டத்துக்கு வரிசையில் நின்ற பிள்ளைகள் அதைப் பார்வையிடல் என்று நினைத்து நெஞ்சை நிமிர்த்தினார்கள். பள்ளிவாசல் ஒழுங்கை குறுகல் என்பதால் காரைப் பெரிய றோட்டிலேயே விட்டுவிட்டு நடந்தார். பள்ளிக்கு வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை உண்டென்று கேட்டவர்களுக்குச் சொன்னார். அதில் பிழை இல்லை. கார் வைத்திருந்தும் நடந்து வருகிற மனிதர் என்று நிர்வாக சபையில் அவருக்கு மதிப்பு ஏறியது.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரு கற்பிட்டிக் கலியாணத்தில் குலைந்தது.

றைஸாவின் சொந்தத்தில் மாப்பிள்ளை வரவேற்பு. நௌஃபர் ஹாஜியாரின் வேன் கராஜில் கிடந்தது. எருக்கலம்பிட்டிக்கே திரும்பிப்போய்க் குடியிருக்கும் ஜவாஹிரின் ராத்தா, மூத்த சகோதரி உம்மு குல்சூம், அந்தக் கிழமை பார்த்து விருந்துக்கு வந்திருந்தார். ராத்தாவையும் ஹாஜியாரையும் ஒரே வாகனத்தில் ஏற்றுவதா? இருபது வருடமாகப் பெருநாளுக்குப் பெருநாள் அந்த இருவரையும் வேறு வேறு அறைகளில் வைத்துச் சமாளித்தவர் அவர். வாப்பாவின் வீட்டில் கார் இருந்ததில்லை என்று ராத்தாவுக்குத் தெரியும்; அதைவிடத் தெளிவாக ராத்தாவுக்கு வாய் இருந்தது. ஆனால் மறுக்க ஒரு காரணமும் அகப்படவில்லை. ஹாஜியார் முன்னால் ஏறினார். பின்னால் றைஸா, ராத்தா, ஹாஜியாரின் மனைவி ஸபீனா, ஸபீனாவின் மடியில் அன்பளிப்பு டின்னர் செட். நீரேரிப் பக்கத்துக் காற்று ஜன்னலால் அடிக்க, ஐந்து பேரோடு ஆல்டோ முக்கிக்கொண்டு போனது.

நுரைச்சோலை மின்நிலையத்தின் புகைபோக்கி தெரிகிற இடத்தில் ஹாஜியார் காலை நீட்டினார். பெரிய கால். கார் நடு றோட்டில் அப்படியே நின்றது. டின்னர் செட் ஒரு கிண்ணம் உடைந்த அளவுக்குச் சத்தம் போட்டது. பின்னால் வந்த வெங்காய லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது.

ஹாஜியார் குனிந்து பார்த்தார். "இது என்ன மச்சான்?"

"அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடு," என்றார் ஜவாஹிர் சேர்.

"நானா, அதுல கால வெக்காதீங்க," என்றாள் றைஸா பின்னாலிருந்து. "அது ஏன்ட பிரேக்."

ஜவாஹிர் சேருக்குக் காது சூடாகியது. ஹாஜியார் பொனட்டில் இருந்த இரண்டு ஓட்டைகளைப் பார்த்தார். பிறகு தாடியைத் தடவினார். தாடியைத் தடவினால் அந்தக் கதை வரப்போகிறது என்று அர்த்தம். ஹாஜியார் பின்னால் திரும்பினார்.

"ராத்தா, ஒங்கட வாப்பாட கார் எங்களுக்குக் கேட்டுக் கேட்டே பழக்கம். கண்ணால கண்ட ஆள் நீங்கதானே. அது சாம்பல் கலர் எண்டு மச்சான் சொல்றாரு."

"என்ன கார்?" என்றார் ராத்தா.

றோட்டு நேராகத்தான் இருந்தது. ஜவாஹிர் சேர் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். சின்னக் கார், ஒளிய இடமில்லை. தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் ராத்தாவின் முகத்தில் பாதி தெரிந்தது. அந்தப் பாதி கொஞ்ச நேரம் தம்பியின் பிடரியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆ, அந்தக் காரா," என்றார் ராத்தா. "அது கறுப்பு."

"மச்சான் சாம்பல் எண்டாரே?"

"வெயில்ல நிண்டா சாம்பல் மாதிரித் தெரியும்."

ஹாஜியார் திருப்தியோடு தலையாட்டி முன்னால் திரும்பினார். கற்பிட்டி வரை அவர் இரண்டு காலையும் மடக்கி வைத்துக்கொண்டே வந்தார்.

கலியாண வீடு ஒரு ஒழுங்கையின் முடிவில். இரண்டு பக்கமும் மதில், கடைசியில் பந்தல். காரைப் பெரிய றோட்டில் விட்டு நடப்போம், நடப்பது உடம்புக்கும் நல்லது என்று ஜவாஹிர் சேர் தொடங்கினார். உப்பளத்து ஹாஜியாரின் தங்கை இப்படிப் புழுதியில் நடந்து போவதா என்று நௌஃபர் கேட்டார். கார் ஒழுங்கைக்குள் போய், பந்தலுக்குள்ளேயே மூக்கை நுழைத்து நின்றது. பெண்கள் இறங்கி உள்ளே போனார்கள். அவர்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் ஒருவர் ஓடிவந்தார்: அந்த இடம் மாப்பிள்ளை கார் வந்து நிற்கிற இடம், மாப்பிள்ளை கற்பிட்டிக் கோட்டையைத் தாண்டிவிட்டாராம், சேர் கொஞ்சம் பின்னுக்கு எடுத்து வெளியே விட வேண்டும்.

சேர் றிவேர்ஸ் கியரைப் போட்டார். இடப்பக்கக் கண்ணாடியில் தென்னையைத் தேடினார். மதில் தெரிந்தது. அப்புறம் மதில். பிறகு, கடவுள் கைவிடவில்லை என்பதுபோல, தென்னையின் அதே கனத்தில் பந்தல் கால் ஒன்று கண்ணாடியின் நடுவுக்கு வந்தது. கை தன்பாட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியது. கார் பந்தல் வாசலில் வைத்திருந்த ஷர்பத் மேசையை நோக்கி நம்பிக்கையோடு போனது. ஹாஜியாரின் கால் குறுக்கிட்டிருக்காவிட்டால் அன்று மாப்பிள்ளைக்கு வெறும் தண்ணீர்தான்.

"எறங்குங்க மச்சான், நான் எடுக்கிறேன்," என்றார் ஹாஜியார்.

இருக்கை மாறினார்கள். ஹாஜியார் கியரைப் போட்டு, நிமிர்ந்து, டாஷ்போர்டின் நடுவைப் பார்த்தார். அவருடைய வேனில் அந்த இடத்தில் ஒரு திரை இருக்கும். பின்னால் நிற்கிற கோழி வரை அதில் தெரியும். ஆல்டோவில் அந்த இடத்தில் ரேடியோவைக் கழற்றிய ஓட்டை இருந்தது. ஹாஜியார் அந்த ஓட்டைக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். தன் வேனில் இல்லாத கிளட்சைக் காலால் தேடி மிதித்து விட்டார்; வண்டி துள்ளி நின்றது. மறுபடியும் துள்ளி நின்றது. காலையிலிருந்தே தனக்குக் கழுத்துச் சுளுக்கு என்று அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

பந்தலடியில் கூட்டம் சேர்ந்துவிட்டது. எல்லோரும் சேரைப் பார்த்தார்கள். கியர் இறுகிவிட்டது என்று சொல்லலாம். என்ஜின் சூடு என்று சொல்லலாம். முப்பத்தைந்து வருடமாக ஒரு முழுக் காரைக் காப்பாற்றிய வாய்க்கு இது ஒரு பெரிய வேலை இல்லை. ஆனால் அன்று அந்த வாயில் ஒன்றுமே இருக்கவில்லை.

"எனக்குப் பின்னுக்கு எடுக்க வராது," என்றார் ஜவாஹிர் சேர்.

சொன்ன பிறகு ஒழுங்கை இடிந்து விழும் என்று காத்திருந்தார். விழவில்லை. வெள்ளைச் சாரன் கட்டிய ஒரு கிழவர், கையில் இருந்த ஷர்பத்தைக் குடித்து முடித்துவிட்டு, "அதுக்கென்ன சேர்," என்றார். கடலில் வாழ்கிற ஊர். கலியாணத்துக்கு வந்திருந்தவர்களில் பாதிப்பேர் விடிந்தால் வள்ளம் தள்ளுகிறவர்கள். சாரனை மடித்துக் கட்டி ஏழெட்டுப் பேர் முன்னால் வந்தார்கள். வாத்தியார்மாரும் ஹாஜியார்மாரும் தள்ளி நிற்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஒருவர் ஜன்னலுக்குள் கைவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார். கிழவர் இழுத்துக் குரல் கொடுக்க, மற்றவர்கள் "ஏலேலோ" என்று தோள் கொடுத்தார்கள். தண்ணீருக்குப் போகிற வள்ளம் மாதிரி ஆல்டோ ஒரு நெளிவில்லாமல் பின்னால் போனது. பெண்கள் பந்தலின் திரையை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்கள். றைஸாவும்தான்.

மதிலோரம் நின்ற தம்பியின் பக்கத்தில் ராத்தா வந்து நின்றார். இருவரும் கார் போவதைப் பார்த்தார்கள்.

"கறுப்பா, ராத்தா?" என்று மெல்லக் கேட்டார் ஜவாஹிர் சேர்.

"ஏன்ட மாமி வீட்ட நான் கறுப்பெண்டுதான் சொல்லியிரிக்கேன்," என்றார் ராத்தா. "நீ எனக்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்தானே."

வள்ளங்களுக்குச் சொந்தக்காரரான அவர்களுடைய ஊர்ச் சம்மாட்டியார் ஒரு பெருநாளைக்கு அயல் பிள்ளைகளையெல்லாம் தன் காரில் அடைத்து மன்னார்ப் பாலம் வரை கொண்டுபோய்க் காட்டியிருந்தார். ராத்தாவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. தம்பிக்கு யாருடையதோ மடி. அதன் நிறம் என்னவென்று இப்போது இருவருக்குமே நிச்சயமில்லை.

திரும்பி வரும்போது ஹாஜியார் ஸபீனாவோடு சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டார். கழுத்துக்கு எண்ணெய் போட வேண்டுமாம். பின்னால் ராத்தா தூங்கிப்போனார். முன்னால், இடக்கால் அதன் இடத்தில் இருக்க, றைஸா பிலாப்பழம் தின்றுகொண்டு வந்தாள். மின்சாரக் காற்றாலைகள் கடல் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தன. ஜவாஹிர் சேர் மூன்று தரம் தொண்டையைச் செருமினார்.

"றைஸா, எங்கட வாப்பாட கார்…"

"மாமா சைக்கிள்ல மீன் வித்தாங்க," என்றாள் அவள். "விசாரிக்காமலா எங்கட வாப்பா பொண்ணு தந்தாங்க? நானாதான் விசாரிச்சிட்டு வந்தாங்க."

"ஹாஜியாருக்குத் தெரியுமா?"

"கலியாணத்துக்கு முந்தியே தெரியும். நீங்க சொல்றது நானாவுக்குக் கேக்க ஆச. கதவு எத்தினண்டு கேட்டா ஒவ்வொரு தரமும் ஒவ்வொண்டு சொல்றீங்களாம்."

சேர் அவமானம் வரும் என்று காத்திருந்தார். வந்தது தூக்கம் மாதிரி ஒன்று. தோள் இரண்டும் தாமாக இறங்கின. முப்பத்தைந்து வருடம் துடைத்துத் துடைத்து வைத்திருந்த ஆஸ்டினை யாரோ தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டது போல இருந்தது. வீடு வரும்வரை அவர் வாழ்க்கையைப் பற்றி எதையும் விளக்கவில்லை. றைஸாவின் கால் சும்மாவே இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, செயலமர்வு என்று யாருக்கும் சொல்லாமல், இருவருமாகச் சிலாபத்துக்குப் போனார்கள். தென்னை நின்றது. சேர் அதன் பக்கத்தில் ஒரே தடவையில், அச்சுப் பிசகாமல் பின்னுக்கு எடுத்தார். கெவின் அவரை மைதானத்தின் மறுமூலைக்குப் போகச் சொன்னார். அங்கே ஒரு வேலி இருந்தது, இப்போது கொஞ்சம் குறைவாக இருக்கிறது. பிறகு றைஸா ஏறினாள். மாதக்கணக்காக இடப்பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே வந்தவள். பின்னால் ஒரு பார்வை, தோளுக்கு மேலால் ஒரு பார்வை. கார் எங்கே போகச் சொன்னாளோ அங்கே போனது. கெவின் அலுமாரியிலிருந்து அதே எல் பலகைகளை எடுத்துவந்தார். பழைய ஓட்டைகளிலேயே அவை பொருந்தின; றைஸாவின் ட்ரயல் முடியும்வரை அங்கேயே இருந்தன.

விளையாட்டுப் போட்டிக்காகப் பாடசாலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கீறிவிட்டதால், இப்போது சேரால் அங்கே வட்டம் அடிக்க முடிவதில்லை. வாகனக் கொட்டிலில் மற்ற ஆசிரியர்களின் கார்களெல்லாம் சுவரை முட்டிக்கொண்டு நிற்க, பிரதி அதிபரின் வெள்ளை ஆல்டோ மட்டும் இரண்டு தூணுக்கும் சரி நடுவில், மூக்கு வெளியே பார்க்க நிற்கிறது. அவரால் மாலையில் நேரே ஏறிப் போக முடிகிறது. புதிதாக வந்த ஆசிரியர்கள் அதைக் காட்டி, அனுபவம் என்றால் இதுதான் என்று பேசிக்கொள்கிறார்கள்.

காலையில் அதை அப்படி நிறுத்திவிட்டு, றைஸா பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறாள்.